கம்பி மேல் பழி போடாதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளையோ, போடப்போகிற பிள்ளையோ இருந்தால் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

நம் பக்கம் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு சுற்றுகிறது. "கம்பி போட்டா பல்லு சொத்தையாயிரும்." சுந்தரபாண்டியம் டீக்கடையில் கேட்டேன். கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் அடித்துச் சொன்னார். "எங்க மச்சினன் மகளுக்கு ரெண்டு வருஷம் கம்பி. கழட்டிப் பார்த்தா பல்லெல்லாம் வெள்ளை வெள்ளையா திட்டு. மூணு பல்லு சொத்தை. காசும் போச்சு, பல்லும் போச்சு."

அந்தப் பெண் எங்களுக்கும் உறவுதான். பல்லை நானும் பார்த்தேன். திட்டு உண்மை. சொத்தை உண்மை. சொன்ன காரணம் மட்டும் பொய்.

இந்தப் பொய்யால் யாருக்கு நஷ்டம் என்று கேளுங்கள். என்னிடம் படித்த ஒருவர் தன் மகளுக்குக் கம்பி போட நாள் குறித்திருந்தார். பிள்ளைக்கு 13 வயது. மேல் முன்பற்கள் நன்றாக வெளியே தள்ளி நிற்கின்றன, உதடு கூடுவதில்லை. பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்கிறாள். பந்தியில் இந்தப் பேச்சைக் கேட்டவர், வீட்டுக்கு வந்து நாளையே ரத்து செய்துவிட்டார். "எதுக்கு சார் வம்பு, இருக்குற பல்லு இருக்கட்டும்" என்கிறார்.

தம்பி, இது வம்பு இல்லை. வெளியே தள்ளி நிற்கும் முன்பல்தான் சைக்கிளில் இருந்து விழுந்தால் முதலில் உடையும் பல். அழகு, மாப்பிள்ளை வீடு என்பதெல்லாம் அப்புறம். ஒரு டாக்டர் பார்த்துத் தேவை என்று சொன்ன வைத்தியத்தை, பந்தியில் காதில் விழுந்த ஒரு வாக்கியத்துக்காக நிறுத்துவது என்ன நியாயம்?

உங்களுக்கு எட்டாம் வகுப்பில் ஒரு சோதனை செய்து காட்டினேனே, நினைவிருக்கிறதா? கண்ணாடி டம்ளரில் வினிகரை ஊற்றி, முழு முட்டையை அதில் போட்டோம். ஓட்டின் மேல் குமிழ் குமிழாக வந்தது. மறுநாள் பார்த்தால் ஓடு கரைந்து, முட்டை பந்து மாதிரி கொழகொழவென்று ஆகியிருந்தது. பல்லிலும் நடப்பது ஏறக்குறைய அதே கதைதான். பல்லின் மேல் உறை எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள் அது. ஆனாலும் அமிலத்துக்குத் தோற்கும். பல்லில் ஒட்டியிருக்கும் படலத்தில் கிருமிகள் குடியிருக்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையையும் மாவையும் அவை தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த இடத்தின் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். அப்புறம் எச்சில் ஊறி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அமிலத்தைச் சமன் செய்து, கரைந்ததில் கொஞ்சத்தைத் திருப்பியும் கொடுக்கும்.

இந்தக் கணக்கில் கம்பி எங்கே வருகிறது? கம்பியும், பல்லில் ஒட்டும் சின்னக் கட்டையான பிராக்கெட்டும் எஃகு போன்ற உலோகத்தில் செய்தவை. அவை அமிலம் சுரப்பதில்லை. ஆனால் பிராக்கெட்டைச் சுற்றி மூலைமுடுக்கு அதிகம். சாதாரணமாக நாக்கும் கன்னமும் உரசி, எச்சில் ஓடிக் கழுவும் இடத்தை இப்போது கம்பி மறித்துவிடுகிறது. வாய்க்காலில் மடை போட்டால் குப்பை தேங்குகிற மாதிரிதான். மடையைக் குறை சொல்லி என்ன பயன்? தினமும் குப்பையை அள்ள வேண்டும். அள்ளாமல் விட்டால் 4 வாரத்திலேயே பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைத் திட்டு விழ ஆரம்பிக்கலாம். நான் சொல்வது நான்கு வாரம். மச்சினன் மகளுக்கு அது இரண்டு வருடம் நடந்திருக்கிறது. அங்கே கம்பி செய்த குற்றம் ஒன்றுமில்லை. அழுக்கைப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"ஆசிட் போட்டுத்தானே சார் ஒட்டுறாங்க, அதுலதான் பல்லு அரிக்குது" என்று ஒரு கட்சி உண்டு. பசை பிடிப்பதற்காகப் பல்லின் மேல்பரப்பை லேசான அமிலத்தால் சொரசொரப்பாக்குவது உண்மைதான். 1955-ல் அமெரிக்காவில் மைக்கேல் புவோனகோர் என்பவர் காட்டிய வழி அது. சில வினாடி வைத்துக் கழுவிவிட்டு, அந்த இடத்தைப் பசையால் மூடிவிடுகிறார்கள். டாக்டர் சில வினாடி வைக்கும் அமிலத்துக்குப் பயப்படுகிறவர்கள், பிள்ளையின் வாயில் பிஸ்கட்டும் கலர் தண்ணீரும் நாள் பூராவும் ஊறவைக்கும் அமிலத்துக்கு ஏன் பயப்படுவதில்லை?

இப்போது பெற்றோர்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்து, மாதத் தவணை கட்டிக் கம்பி போடுகிறீர்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி ராஜபாளையமோ மதுரையோ போய் முறுக்கிக்கொண்டு வருகிறீர்கள். ஆனால் ராத்திரி பிள்ளை பல் விளக்கினாளா என்று பார்ப்பது யார்? புது பைக் வாங்கினால் வாரம் ஒருமுறை துடைக்கிறோம். அதே வீட்டில் பிள்ளையின் வாயை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்த அப்பா எத்தனை பேர்? "அவளுக்குப் பொறுப்பு வேண்டாமா" என்பீர்கள். 12, 13 வயதுப் பிள்ளை. காலை டியூஷன், ராத்திரி வீட்டுப்பாடம், தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது. அந்தப் பிள்ளை தலையில் பத்து நிமிட நுணுக்க வேலையைத் தனியாகக் கட்டிவிட்டு, பல் கெட்டதும் கம்பியைத் திட்டுவது நமக்கு வசதியாக இருக்கிறது.

எங்கள் தாத்தா வேப்பங்குச்சியில் விளக்கி 80 வயதில் முறுக்குக் கடித்தார் என்று ஒரு பெரியப்பா எனக்கு எழுதியிருந்தார். மகிழ்ச்சி. தாத்தா வாயில் கம்பி இல்லை. தாத்தா மணிக்கொரு தரம் பாக்கெட் பிரித்துத் தின்னவும் இல்லை. குச்சியின் நார் கம்பிக்கு அடியில் போகாது, பிராக்கெட்டில் சிக்கிக்கொண்டு நிற்கும். கரித்தூள், உப்பு, சாம்பல் எல்லாம் பல்லைத் தேய்க்கும், இடுக்கில் போய் அடைந்துகொள்ளும். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் புகழும் பழமொழி கம்பிக்கு முந்தைய காலத்தது. பழமொழி மேல் எனக்கு மரியாதை உண்டு, அதைக் கம்பிக்குள் திணிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தது வாட்ஸ்அப் வைத்தியர்கள். "பேஸ்டில் ஃபுளோரைடு இருக்கிறது, அது விஷம்" என்று தினம் ஒரு செய்தி வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாகி, அதை வருடக்கணக்காகக் குடித்தவர்களுக்குப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டது உண்மை. அது குடித்ததால் வந்தது. பேஸ்டை நாம் துப்புகிறோம். இந்தியச் சட்டப்படி பேஸ்டில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது, அளவை டியூபில் அச்சிடவும் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் ஃபுளோரைடு பேஸ்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்தது. கரையத் தொடங்கிய எனாமலை மறுபடி இறுக்க உதவுவது இந்த ஃபுளோரைடுதான். கம்பி போட்ட வாய்க்கு அது இரண்டு மடங்கு தேவை. கடையில் டியூபைத் திருப்பிப் பாருங்கள். நிறத்தையும் விளம்பரத்தையும் பார்த்து வாங்காதீர்கள்.

பல் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. என் மாணவர்களிலும் பல் டாக்டர்கள் இருக்கிறீர்கள், அதனால் உரிமையோடு சொல்கிறேன். உறவுக்காரப் பெண்ணோடு ஒருமுறை ஒரு கிளினிக்குக்குத் துணைக்குப் போயிருந்தேன். ஊரும் பேரும் வேண்டாம். கம்பி முறுக்க ஐந்து நிமிடம். பில் போட ஐந்து நிமிடம். எப்படி விளக்குவது என்று காட்ட ஒரு நிமிடம்கூட இல்லை. "நல்லா பிரஷ் பண்ணும்மா" என்றார்கள், அவ்வளவுதான். "நல்லா படி" என்று சொன்னால் பிள்ளை படித்துவிடுமா? கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால்தானே புரியும்! கண்ணாடியைக் கையில் கொடுத்து, பிள்ளையையே விளக்கச் சொல்லி, தப்பைத் திருத்துங்கள். அம்மாவையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். ஈறு வீங்கி அழுக்கு படிந்திருந்தால், வாய் சுத்தமாகும் வரை அடுத்த முறுக்கை நிறுத்திவையுங்கள். அப்படி நிறுத்துகிற டாக்டர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பள்ளிக்கூடங்களையும் விடுவதாக இல்லை. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் காலையிலும் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். மதியச் சத்துணவு ஏற்கனவே இருக்கிறது. தட்டைக் கழுவுகிறோம், கையைக் கழுவுகிறோம். வாயைக் கொப்பளிக்க எந்தப் பள்ளியில் மணி அடிக்கிறார்கள்? உயர்நிலைப் பள்ளியில் கம்பி போட்ட பிள்ளை மதியம் குழாயடியில் பிரஷ்ஷோடு நின்றால் மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஆசிரியரும் "என்ன இது, இங்கே குளியலறையா" என்கிறார். பணியில் இருக்கும் என் மாணவ ஆசிரியர்களே, இரண்டு நிமிடம் கொடுங்கள். சிரிக்கிற வாயை அடக்குங்கள். அரசாணை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி தீனி. நாம் இருப்பது எந்த ஊர்? ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, இன்னொரு பக்கம் சாத்தூர் சேவு, தள்ளிப் போனால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா. பல் டாக்டருக்குப் பிழைப்புக் கொடுக்கவே அமைந்த வட்டாரம்! பால்கோவாவை விடச் சொன்னால் ஆண்டாளே கோபித்துக்கொள்வாள். நானும் சொல்லவில்லை. எப்போது, எப்படி என்பதுதான் விஷயம்.

சுவீடனில் 1940-களில் விப்பேஹோல்ம் என்ற விடுதியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமலே, பல்லில் ஒட்டும் டாஃபி மிட்டாய்களைத் தின்னக் கொடுத்துப் பல் கெடுவதைக் கணக்கெடுத்தார்கள். செய்தது அநியாயம். அந்த அப்பாவிகளின் பல்லைக் காவு கொடுத்து உலகம் கற்றது இது: எவ்வளவு சர்க்கரை என்பதைவிட, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்பதுதான் அதிகக் கெடுதல். சாப்பாட்டோடு சேர்த்துத் தின்ற இனிப்பு அவ்வளவு கெடுக்கவில்லை. இடையிடையே தின்ற ஒட்டும் மிட்டாய் பல்லை நாசமாக்கியது. பிறகு அந்த நாட்டில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்று ஒரு பழக்கமே வந்தது. நாமும் செய்யலாம். பால்கோவாவா, மதியச் சாப்பாட்டோடு சாப்பிடட்டும், பிறகு வாயைக் கொப்பளிக்கட்டும். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாயங்காலம் பூராவும் விரலால் வழிக்க வேண்டாம்.

கடலைமிட்டாய், கடினமான சேவு, முறுக்கு, ஐஸ் கட்டி எல்லாம் கம்பி கழற்றும் வரை ஒத்திப்போட வேண்டியவை. பிராக்கெட் தெறிக்கும், ஒவ்வொரு தெறிப்புக்கும் வைத்தியம் தள்ளிப்போகும். பொங்கல் கரும்பைக் கடித்து உரிக்கவே கூடாது. கொய்யாவையும் மாங்காயையும் கீறிச் சின்னத் துண்டாக்கிக் கடைவாயில் மெல்லலாம். பனங்கிழங்கு நார் கம்பியில் சிக்கும், கவனம். கலர், சோடா, பாக்கெட் ஜூஸ் குடித்த உடனே பிரஷ் போட வேண்டாம். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து விளக்குங்கள்.

சரி சார், எப்படித்தான் விளக்குவது என்கிறீர்களா? கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன்.

1. முதலில் தண்ணீரை வாயில் வைத்து நன்றாகக் கொப்பளித்துப் பெரிய பருக்கைகளை வெளியேற்றுங்கள். கண்ணாடி முன்னால் நின்று, வெளிச்சத்தில் விளக்க வேண்டும். நடந்துகொண்டே, டி.வி. பார்த்துக்கொண்டே விளக்கக் கூடாது.

2. மென்மையான பிரஷ். ஈறுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே மேலிருந்து சாய்த்து ஒருமுறை. கம்பிக்குக் கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து ஒருமுறை. பிராக்கெட்டின் முகத்தில் ஒருமுறை. அப்புறம் உட்பக்கம், மெல்லும் பக்கம். அழுத்தித் தேய்க்க வேண்டாம், சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றினால் போதும்.

3. பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி குட்டியாக ஒரு பல்லிடுக்குப் பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கும். அதைக் கம்பிக்கு அடியில் விட்டு ஒவ்வொரு இடுக்கையும் துடைக்க வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நூல் விடுவது சிரமம்தான். ஆனால் தறியில் அறுந்த இழையைக் கண் மூடி முடிச்சுப் போடும் நம் ஊர் அம்மாக்களுக்கு அது ஒரு வேலையா? ஒரு வாரம் நீங்கள் விட்டுக் காட்டுங்கள், பிள்ளை பழகிக்கொள்ளும்.

4. ஃபுளோரைடு பேஸ்ட். விளக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்து மருந்தைக் கழுவித் தள்ள வேண்டாம்.

5. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் விளக்கினால் நல்லது. முடியாவிட்டால் கொப்பளிப்பு. ஆனால் ராத்திரி விளக்குவதை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது. தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும், கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம்.

6. ஈறில் ரத்தம் வந்தால் விளக்குவதை நிறுத்துகிறார்கள். தலைகீழ்! பெரும்பாலும் அழுக்கு தேங்கியதால்தான் ரத்தம் வருகிறது. மென்மையாகத் தொடர்ந்து விளக்குங்கள். ஒரு வாரத்திலும் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

7. கம்பி குத்தினால் டாக்டர் கொடுக்கும் மெழுகை உருட்டி அந்த முனையில் அப்புங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் புண் ஆறும். நகவெட்டியால் கம்பியை வெட்டுகிற வீரம் வேண்டாம். பிராக்கெட் கழன்றால் அன்றே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள்.

8. கம்பி கழற்றியதோடு கதை முடியவில்லை. பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க ரிட்டெய்னர் கொடுப்பார்கள். சொன்ன காலம் வரை போட வேண்டும். கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் ரிட்டெய்னரைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீரில் போட்டால் நெளிந்துவிடும்.

இன்னொன்று. கம்பி போடும் முன்பே சொத்தையை அடைத்து, பல்லில் படிந்த காரையைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவில் இதைச் செய்துகொள்ளலாம். குறைந்த விலை என்று, படிப்பும் பதிவும் இல்லாத ஆளிடம் கம்பி கட்டாதீர்கள். பல் மருத்துவர் சட்டம் 1948-லேயே வந்தது, பதிவில்லாமல் வைத்தியம் செய்வது குற்றம். பல் சீரமைப்புக்கென்று பி.டி.எஸ்.-க்கு மேல் மூன்று வருடம் எம்.டி.எஸ். படித்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டு விசாரிப்பதில் வெட்கம் எதற்கு?

திட்டு விழுந்துவிட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆரம்பத் திட்டுகள் எச்சிலாலும் ஃபுளோரைடாலும் ஓரளவு மங்கும். சிலது தங்கிவிடும், அதற்கும் டாக்டரிடம் வழி உண்டு. ஆனால் அந்தப் பிள்ளையின் வாயை உதாரணமாகக் காட்டி, இன்னொரு பிள்ளையின் வைத்தியத்தைக் கெடுக்கிற பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். பந்தியில் யாராவது "கம்பி போட்டா சொத்தை" என்று ஆரம்பித்தால், "ராத்திரி யாருங்க விளக்கிவிட்டது?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கம்பி பல்லை நகர்த்தும். அதற்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். பல்லைக் காப்பது வீட்டு வேலை. வீடு என்றால் பிள்ளை மட்டும் இல்லை, அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லோரும்தான்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதை அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
சுந்தரபாண்டியம்.